மொராக்கோவின் சிற்றூரில் தன்னார்வலராகக் குடியேறுகிறவர்களுக்கு

மத்திய அட்லஸ் மலையடிவாரத்தில், ஃபெஸ் நகரிலிருந்து தெற்கே சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கிறது செஃப்ரூ. பழைய மதில், நடுவே ஓடும் ஆறு, ஒரு காலத்தில் யூதர்கள் வாழ்ந்த மெல்லா என்னும் நெருக்கமான தெருக்கள், சுற்றிலும் செர்ரித் தோட்டங்கள் என்று அமைந்த ஊர். 1920-இல் தொடங்கிய இதன் செர்ரித் திருவிழா 2012-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. செஃப்ரூவை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன். அஸ்ரூ, தரூதாந்த், திஸ்னித் என்று வேறு ஊருக்குப் போகிறவர்களுக்கும் இதில் முக்கால் பங்கு பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் வேலை செய்யப் போகிறீர்கள். ஊர்க்காரர்களோ உங்களை விருந்தாளியாக வைத்துக்கொள்ளப் பார்ப்பார்கள். விருந்தாளி என்பதிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் என்ற இடத்துக்கு வந்து சேரும் வரை எந்தத் திட்டமும் நகராது. கீழே சொல்லும் படிகளில் பாதி அதற்காகவே.

புறப்படும் முன்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு விசா வேண்டும். இந்தியர்களுக்கு இணையத்திலேயே கிடைக்கும் மின்விசா குறுகிய பயணத்துக்கு உரியது. மாதக்கணக்கில் தங்க அது போதாது. உங்களை அழைக்கும் சங்கம் முறையாகப் பதிவானதா, உங்கள் பெயரில் அழைப்புக் கடிதம் தருமா, தங்குவதற்கான ஆவணங்களுக்குக் கூட வந்து நிற்குமா என்று மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 90 நாட்களுக்கு மேல் தங்குகிறவர் குடியிருப்பு அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்குக் கேட்கப்படும் தாள்கள் நீளமானவை. பிறப்புச் சான்றிதழ், காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழ் ஆகியவற்றை பிரெஞ்சு அல்லது அரபு மொழிபெயர்ப்போடு ஊரிலிருந்தே எடுத்துப் போவது நல்லது.

பெருந்தொகை கட்டணம் வாங்கிக்கொண்டு, அனாதை இல்லத்தில் இரண்டு வாரம் பிள்ளைகளோடு விளையாடவிடும் ஏற்பாடுகள் உண்டு. அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முகம் வந்து கொஞ்சிவிட்டுப் போவதால் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு நன்மையும் இல்லை.

பெட்டியில் கம்பளி கட்டாயம். ஆப்பிரிக்கா என்றதும் பருத்திச் சட்டையோடு வந்து இறங்குகிறார்கள். செஃப்ரூ கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல் இருக்கிறது; பக்கத்து மலை ஊரான இஃப்ரானில்தான் 1935-இல் ஆப்பிரிக்காவிலேயே மிகக் குறைந்த வெப்பநிலையாக மைனஸ் 23.9 டிகிரி பதிவானது. வீடுகளில் சூடேற்றும் வசதி கிடையாது, தரை முழுக்க ஓடு. ஜனவரியில் வெளியே வெயிலில் நிற்பதைவிட வீட்டுக்குள் உட்காருவது குளிரும். மின்சாரம் 220 வோல்ட். நம் இரட்டைக் குச்சி சார்ஜர் அப்படியே பொருந்தும், மூன்று குச்சி பொருந்தாது. வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொண்டு போங்கள். அந்த நோய் அங்கே இன்னும் ஒழியவில்லை. ட்ரோன் கொண்டுபோகாதீர்கள், விமான நிலையத்திலேயே பிடித்து வைத்துக்கொள்வார்கள்.

முதல் வாரம்: யாரிடம் முகம் காட்டுவது

காசாபிளாங்காவிலிருந்து ஃபெஸ் வரை ரயில். சுமார் நான்கு மணி நேரம். அங்கிருந்து கிராண்ட் டாக்ஸி. இது பங்கு வண்டி. ஓட்டுநரைத் தவிர ஆறு பேர் சேர்ந்தால்தான் கிளம்பும். பழைய மெர்சிடிஸ் கார்களில் முன்னால் இரண்டு பேரும் பின்னால் நான்கு பேரும் நெருக்கி உட்காருவார்கள். இப்போது பெரும்பாலும் டாச்சியா வண்டிகள் வந்துவிட்டதால் முழங்காலுக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கிறது. ஓர் இருக்கைக்கு இவ்வளவு என்று கட்டணம் ஊருக்கே தெரிந்திருக்கும், பேரம் வேண்டாம். மூட்டை அதிகம் என்றால் இரண்டு இருக்கைக்குப் பணம் கொடுத்துவிட்டு நிம்மதியாக வாருங்கள். வெளிநாட்டு முகத்தைக் கண்டதும் வண்டி முழுவதையும் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பவர்கள் உண்டு. "பிளாசா வஹ்தா", அதாவது ஓர் இடம் போதும் என்று சொல்லிவிட்டு வரிசையில் நில்லுங்கள்.

ஊரில் இறங்கியதும் நீங்கள் அறிய வேண்டிய மனிதர் மொகத்தம். அரசு நிர்வாகத்தின் கடைசிப் படியில் இருக்கும் பேட்டைப் பொறுப்பாளர் அவர். எந்த வீட்டில் யார் குடிவந்தார்கள், யார் வீட்டில் விசேஷம் என்பது அவருக்குத் தெரியாமல் நடக்காது. குடியிருப்புச் சான்றிதழுக்கு அவர் சொல் வேண்டும். அவராக உங்களைத் தேடி வரும் முன், சங்கத்தைச் சேர்ந்த ஒருவரோடு நீங்களே போய் வணக்கம் சொல்லிவிடுவது மரியாதை. அடுத்து காவல் நிலையம். கிராமப்புறம் என்றால் ஜாந்தர்மரி என்னும் கிராமக் காவல் படை. இவர்கள் கேட்கும் கேள்விகளைச் சந்தேகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வெளிநாட்டவர் ஒருவர் ஏன் இங்கே சம்பளமில்லாமல் வேலை பார்க்கிறார் என்பது நியாயமான கேள்விதான். ஒரே பதிலை எல்லோரிடமும் சொல்லுங்கள்.

சிம் அட்டை மரோக் டெலிகாம், ஆரஞ்ச், இன்வி ஆகிய மூன்று நிறுவனங்களில் ஒன்று. கடவுச்சீட்டு காட்ட வேண்டும். அவசர எண்கள்: நகரக் காவல்துறை 19, ஜாந்தர்மரி 177, ஆம்புலன்சும் தீயணைப்பும் 15.

வீட்டுக்குப் பேசும் நேரத்தில் ஒரு குழப்பம் வரும். 2018 முதல் மொராக்கோ ஆண்டு முழுவதும் ஜி.எம்.டி.யைவிட ஒரு மணி நேரம் முன்னே ஓடுகிறது, ரமலான் மாதம் மட்டும் விதிவிலக்கு. ஆகவே சென்னைக்கும் செஃப்ரூவுக்கும் நான்கரை மணி வித்தியாசம், ரமலானில் ஐந்தரை. ஊருக்குள்ளோ கடிகாரத்துக்கு அவ்வளவு மதிப்பில்லை. "அஸருக்குப் பிறகு பார்ப்போம்" என்றால் மாலைத் தொழுகை முடிந்து தேநீர் குடித்து மெல்ல வருவார்கள் என்று பொருள்.

வீடு

முடிந்தால் முதல் மாதம் ஒரு குடும்பத்தோடு தங்குங்கள். மொழி, சாப்பாட்டு முறை, தெரு அறிமுகம் எல்லாம் அங்கேதான் கிடைக்கும். அந்தக் குடும்பத்தின் பெயர்தான் அதன் பிறகு ஊரில் உங்கள் முகவரி.

தனி வீடு பார்க்கும்போது வாடகை ஒப்பந்தத்தை எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, நகராட்சி அலுவலகத்தில் சான்றொப்பம் வாங்க வேண்டும். "நமக்குள் எதற்குத் தாள்" என்று வீட்டுக்காரர் இழுத்தால் வேறு வீடு பாருங்கள். அந்தத் தாள் இல்லாமல் குடியிருப்பு அட்டை வராது.

சமையலுக்கு பியூட்டேன் கேஸ். பெரிய சிலிண்டர் 12 கிலோ. மானியத்தைக் குறைத்ததால் அதன் விலை 2024 மே மாதம் 40 திர்ஹமிலிருந்து 50 ஆனது. காலிச் சிலிண்டரைத் தெருமுனைக் கடையில் கொடுத்தால் நிறைந்தது தருவார்கள். கடைப் பையன் மாடிக்குத் தூக்கி வருவான், அவனுக்குச் சில்லறை கொடுங்கள். இதே கேஸில்தான் குளியலறை வெந்நீர்க் கருவியும் ஓடும். அது குளியலறைக்குள்ளேயே பொருத்தப்பட்டு, புகை வெளியேற வழியும் இல்லை என்றால் அந்த வீடு வேண்டவே வேண்டாம். குளிர்காலத்தில் கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு குளித்து, கார்பன் மோனாக்சைடில் மயங்கி இறந்தவர்கள் அந்த நாட்டில் உண்டு. கேஸ் ஹீட்டரை எரியவிட்டுத் தூங்குவதும் அப்படித்தான்.

தெருமுனைக் கடைக்கு ஹானுத் என்று பெயர். இரண்டு ஆள் அகலம்தான் இருக்கும், ஆனால் முட்டை ஒன்று, வெண்ணெய் ஒரு துண்டு என்று வேண்டிய அளவில் கிடைக்கும். ஒரே ஹானுத்தில் வாங்குங்கள். சாவியை விட்டுப்போகவும், உங்களைத் தேடி வந்தவர் சொல்லிப்போன சேதியைக் கேட்கவும், இந்த வெளிநாட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்று தெரு விசாரிக்கவும் அந்தக் கடைக்காரர்தான்.

காசுக் கணக்கு

நோட்டில் அச்சிட்டிருப்பது திர்ஹம். சந்தையில் பெரியவர்கள் வாயில் வருவது ரியால். ரியால் என்று தனிக் காசு எதுவும் இல்லை, அது பழைய கணக்கு. இருபது ரியால் ஒரு திர்ஹம். தக்காளி "நூறு" என்று கிழவர் சொன்னால் அரண்டுபோக வேண்டாம், கிலோ ஐந்து திர்ஹம். கேஸ் சிலிண்டர் ஆயிரம் ரியால். இது போதாதென்று பெரிய தொகைகளைச் சென்டிம் கணக்கில் "பிராங்க்" என்று சொல்வார்கள். அதில் நூறு பிராங்க் ஒரு திர்ஹம். வீட்டு வாடகை பேசும்போது எந்தக் கணக்கு என்று கேட்டுவிட்டுத் தலையாட்டுங்கள். ரியாலுக்கு இருபதால் வகுக்கப் பழகினால் சில வாரங்களில் வாய்ப்பாடு போல வந்துவிடும்.

காய்கறிக்கும் ரொட்டிக்கும் பேரம் பேசாதீர்கள். சாதாரண வட்ட ரொட்டி பல ஆண்டுகளாக 1.20 திர்ஹம்தான். கம்பளம், தோல் செருப்பு, ஜலாபா என்னும் நீள அங்கி ஆகியவற்றுக்குப் பேரம் உண்டு. வாராந்திரச் சந்தை செஃப்ரூவில் வியாழக்கிழமை; சுற்றுக் கிராமங்கள் எல்லாம் இறங்கி வரும். காலையிலேயே போய்விடுங்கள்.

பேச்சு

பள்ளியில் கற்ற அரபு தெரிந்தாலும் தெருவில் அது நாடகப் பேச்சாகத்தான் ஒலிக்கும். ஊர் பேசுவது தாரிஜா என்னும் மொராக்கோ பேச்சு அரபு. மலைக் கிராமங்களில் பெர்பர் மக்களின் மொழியான தமஸிக்த். 2011 அரசியலமைப்பு அதை ஆட்சிமொழி ஆக்கியதிலிருந்து அலுவலகப் பலகைகளில் அதன் திஃபினாக் எழுத்தும் இருக்கிறது. அலுவலகத் தாள்களில் பிரெஞ்சு.

இலக்கணத்துக்கு முன் வாழ்த்துச் சொற்களைப் படியுங்கள். "லாபாஸ்?" என்றால் நலமா, பதிலும் "லாபாஸ், ஹம்துல்லா". இதே கேள்வியை உடல்நலம், வீடு, வேலை என்று நான்கைந்து விதமாகக் கேட்டுக்கொண்டே போவார்கள், இடையில் பதிலுக்கு நிற்க மாட்டார்கள். நீங்களும் அப்படியே கேளுங்கள். விஷயத்துக்கு நேரே வருவது அங்கே முரட்டுத்தனம். கல் உடைப்பவர், மாவு பிசைபவர் என்று உழைத்துக்கொண்டிருக்கும் யாரைக் கடந்தாலும் "அல்லாஹ் யாவூன்", கடவுள் துணையிருக்கட்டும். முடி வெட்டிக்கொண்டவர், குளித்து வந்தவர், புதுச் சட்டை போட்டவர் எல்லோருக்கும் "ப்ஸஹ்ஹா". பிச்சை கேட்பவருக்குக் கொடுக்க இயலாதபோது "அல்லாஹ் இஸஹ்ஹல்" என்றால் அவரும் மனம் நோகாமல் நகர்வார். பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான் அவமதிப்பு. விலை கேட்க "ப்ஷ்ஹால்", சரி என்பதற்கு "வாஹா", போதும் என்பதற்கு "ஸாஃபி".

இந்தியர் என்று தெரிந்தால் ஒரு கூடுதல் கடமை வந்து சேரும். அந்த நாட்டில் இந்திப் படங்களுக்குப் பெரிய ரசிகர் கூட்டம். அமிதாப் பச்சன், ஷாருக் கான் பெயர்களைச் சொல்லி, ஒரு பாட்டு பாடச் சொல்வார்கள். எனக்கு இந்தி வராது, நான் தமிழ் என்று விளக்கிப் பார்த்தேன். யாரும் கேட்பதாக இல்லை. இரண்டு வரி மனப்பாடம் செய்து வைத்துக்கொள்வது எளிது.

வெள்ளிக்கிழமைத் தட்டு

வெள்ளி நண்பகல் தொழுகைக்குப் பிறகு ஊர் முழுக்க குஸ்குஸ். யார் அழைத்தாலும் அன்று போங்கள். வேலைக்கான அறிமுகங்களில் பெரும்பாலானவை அந்தத் தட்டைச் சுற்றித்தான் கிடைக்கும்.

தாழ்வான வட்ட மேசை. கையில் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கிண்ணியும் குடுவையும் வரும். நடுவில் ஒரே பெரிய மண்தட்டு: ஆவியில் இரண்டு மூன்று தடவை வேகவைத்து உதிர்த்த ரவைக் குன்று, மேலே பூசணி, கேரட், முட்டைக்கோஸ், டர்னிப், கொண்டைக்கடலை, அடியில் புதைந்த இறைச்சி. வீட்டார் "பிஸ்மில்லா" சொன்ன பிறகு தொடங்க வேண்டும். உங்கள் பக்கத்து முக்கோணம்தான் உங்களுடையது. நடுவுக்கோ அடுத்தவர் பக்கமோ கை நீளக் கூடாது. வலக்கைதான். பெரியவர்கள் குஸ்குஸை உள்ளங்கையில் குலுக்கிக் குலுக்கி எலுமிச்சை அளவு உருண்டையாக்கி வாயில் போட்டுக்கொள்வார்கள். சோறு பிசைந்து வளர்ந்த கைதானே என்று நானும் முயன்றேன். ரவை கைக்குள் நிற்காமல் மடியெல்லாம் கொட்டியது. வெட்கப்படாமல் கரண்டி கேளுங்கள், கொடுப்பார்கள். இறைச்சியை நீங்களாக எடுக்கக் கூடாது. கடைசியில் வீட்டுத் தலைவி பிய்த்து ஒவ்வொருவர் முன்னும் வைப்பார், விருந்தாளி முன்னால் ஒரு துண்டு கூடுதலாகவே விழும். கூடவே ல்பென் வரும்; அது மோர்தான், உப்பில்லாமல். கோடையில் பார்லிக் குஸ்குஸில் இந்த மோரைக் குளிரக் குளிர ஊற்றி ஸைக்கூக் என்று தெருவில் விற்பார்கள். தேடிப் பிடித்துச் சாப்பிடுங்கள்.

நிறுத்த நினைக்கும் இடத்துக்கு முன்பே மெதுவாகச் சாப்பிடத் தொடங்குங்கள். "குல், குல்" என்று சாப்பிடச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். "ஷ்பாத், ஹம்துல்லா", வயிறு நிறைந்தது என்று மூன்று முறை சொன்னால்தான் நம்புவார்கள்.

சைவர்கள் கவனிக்க: "இறைச்சி சாப்பிட மாட்டேன்" என்றால் இறைச்சிக் குழம்பில் வெந்த காய்களை அன்போடு உங்கள் பக்கம் ஒதுக்குவார்கள். அதை ஏற்பதா மறுப்பதா என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள், தட்டின் முன் உட்கார்ந்து விவாதிக்க வேண்டாம். தனியே சமைத்துக்கொள்ள பருப்பு, வெள்ளை மொச்சை, சீரகம், மஞ்சள், கொத்தமல்லித்தழை எல்லாம் தாராளம். காலையில் பிஸாரா என்னும் மொச்சைக் கூழ் மேலே ஆலிவ் எண்ணெயோடு கிடைக்கும். கறிவேப்பிலையும் உளுந்தும் கிடைக்காது.

வெறுங்கையோடு யார் வீட்டுக்கும் போகாதீர்கள். பழம், பால் போதும். கல்யாணம், துக்கம் போன்றவற்றுக்கு நீலத்தாள் சுற்றிய கூம்புச் சர்க்கரை.

ஹம்மாம்

வாரம் ஒருமுறை பொதுக் குளியலகம் போவது குளிர்கால வீட்டில் தங்குகிறவருக்கு உடல்நலத் தேவை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனி நேரம் அல்லது தனிக் கூடம். வாசலில் விசாரித்துக்கொண்டு நுழையுங்கள். கறுப்பு ஆலிவ் சோப்பு, கெஸ்ஸா என்னும் சொரசொரப்பான கையுறை, ஒரு கோப்பை, மாற்றுத்துணி எடுத்துப் போங்கள். உள்ளாடை கழற்றக் கூடாது. கடைசி அறைதான் சூடானது. அங்கே சோப்பு பூசி உட்கார்ந்து வியர்த்த பிறகு தேய்த்தால் அழுக்கு திரிதிரியாக உருளும். முன்பின் தெரியாதவர் முதுகைக் காட்டித் தேய்த்துவிடச் சொல்வார். தேய்த்துவிடுங்கள், பிறகு அவர் உங்களுக்குத் தேய்ப்பார். தண்ணீரைப் பார்த்துச் செலவழியுங்கள்: 2024 தொடக்கத்தில் வறட்சி முற்றியபோது பல நகரங்களில் ஹம்மாம்களை வாரம் மூன்று நாள் மூடவைத்தார்கள்.

வேலை

தன்னார்வலருக்கு இடம் கிடைப்பது பெரும்பாலும் மூன்று வகைக் கதவுகளுக்குள்: இளைஞர் துறை நடத்தும் தார் ஷபாப் என்னும் இளைஞர் இல்லம், தொலைதூரக் கிராமத்து மாணவிகள் தங்கிப் படிக்கும் தார் தாலிபா விடுதி, சங்கங்களும் பெண்கள் கூட்டுறவுகளும். ஆங்கிலத்துக்குத்தான் கேட்பு அதிகம். 2023 முதல் நடுநிலைப் பள்ளிகளிலேயே ஆங்கிலம் படிப்படியாக நுழைகிறது, வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லை. வகுப்பு பள்ளி விட்ட பிறகு. ஜூனில் பக்கலோரியா என்னும் பள்ளி இறுதித் தேர்வு நெருங்கினால் பெரிய பிள்ளைகள் வர மாட்டார்கள்; ரமலானில் நேரமே மாறிவிடும். இவற்றை வைத்து ஆண்டுத் திட்டம் போடுங்கள். இல்ல இயக்குநரின் சம்மதமில்லாமல் நாற்காலியைக்கூட நகர்த்தாதீர்கள்.

செஃப்ரூ பெண்களின் பெயர்பெற்ற கைத்தொழில் ஜலாபா, கஃப்தான் பொத்தான்கள். கடுகும் மிளகுமாகச் சிறுத்த முடிச்சுகளை ஊசியும் பட்டு நூலுமாக, பேச்சு நிற்காமல், வாசற்படியில் உட்கார்ந்து பின்னுவார்கள். ஓர் அங்கிக்கு அவை டஜன் கணக்கில் வேண்டும். நெடுங்காலமாக இடைத்தரகர் கொடுத்ததே கூலி என்று இருந்த தொழில். 2000-ஆம் ஆண்டு வாக்கில் பெண்கள் கூட்டுறவாகச் சேரத் தொடங்கினார்கள். இத்தகைய இடத்துக்குப் போகும் தன்னார்வலர் "புது டிசைன்" யோசனையோடு நுழைவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்களுக்கு டிசைன் சொல்லித்தர நீங்கள் யார்? அவர்களால் செய்துகொள்ள முடியாத வேலை வேறு இருக்கிறது: நல்ல புகைப்படம், ஆங்கிலத்தில் விலைப்பட்டியல், வெளிநாட்டு வாங்குபவருக்குப் பதில் கடிதம், பார்சல் கணக்கு. அலுப்பான வேலைதான். அதைச் செய்யுங்கள்.

ரமலான்

நோன்பு இல்லாதவரும் தெருவில் சாப்பிடாமல், குடிக்காமல், புகைக்காமல் இருப்பது மரியாதை. தமிழ் முஸ்லிம்களுக்கு இது மரியாதை மட்டுமல்ல, சட்டமும்கூட: இஸ்லாமியர் என்று அறியப்பட்டவர் பொது இடத்தில் நோன்பை முறிப்பது தண்டனைச் சட்டம் 222-ஆம் பிரிவின்படி குற்றம். சூரியன் மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் டாக்ஸி பிடிக்காதீர்கள். எல்லோரும் பசியோடு வீட்டுக்கு விரையும் நேரம், வண்டியும் கோபமும் வேகமாக ஓடும். பாங்கு ஒலித்ததும் தெரு காலியாகிவிடும். நம் ஊரில் நோன்புக் கஞ்சி இருக்கும் இடத்தில் அங்கே ஹரீரா, கூடவே பேரீச்சம்பழம், அவித்த முட்டை, தேனில் ஊறிய ஷெபாக்கியா என்னும் இனிப்பு. எந்த வீட்டிலிருந்தாவது அழைப்பு வரும். அந்த மாதம் வேலை பாதியாகும், ஆனால் இரவில் எல்லோரும் விழித்திருப்பார்கள். கூட்டங்களை இரவுக்கு மாற்றிவிடுங்கள்.

தொடக் கூடாதவை

மன்னர், இஸ்லாம், மேற்கு சஹாரா ஆகிய மூன்றைப் பற்றி எந்தக் கருத்தும் சொல்லாதீர்கள், இணையத்தில் எழுதுவதும் சேர்த்து. இஸ்லாமியரை மதம் மாற்ற முயல்வது குற்றம். மதப் பிரசுரம் எதுவும் பெட்டியில் வேண்டாம். காவலர், ராணுவம், அரண்மனை ஆகியவற்றைப் படம் எடுக்கக் கூடாது. பெண்களையும் பிள்ளைகளையும் கேட்காமல் எடுக்கக் கூடாது. இஸ்லாமியர் அல்லாதவர் பள்ளிவாசலுக்குள் நுழைவது வழக்கமில்லை; காசாபிளாங்காவின் இரண்டாம் ஹசன் பள்ளிவாசல் போன்று வழிகாட்டியோடு அனுமதிக்கும் இடங்கள் மிகச் சிலவே.

பெண் தன்னார்வலர்களுக்கு ஒன்று. தெருவில் பின்னால் வந்து பேசும் இளைஞர்கள் உண்டு. பதில் சொல்லாமல் நடப்பது ஒரு வழி. தொந்தரவு நீடித்தால் பக்கத்துக் கடைக்குள் நுழைந்து, "ஹ்ஷூமா", வெட்கக்கேடு என்று உரக்கச் சொல்லுங்கள், கடைக்காரர் பார்த்துக்கொள்வார். தோளும் முழங்காலும் மறைந்த உடை போதும், தலைத்துணி கட்டாயமில்லை. ஊர்ப் பெண்களோடு பெண்களாகச் சமையலறைக்குள் போகும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆண் தன்னார்வலருக்கு அது என்றைக்கும் கிடையாது. ஆண்கள் நகரத்து காபிக் கடையில் உட்கார்ந்து ஊரைத் தெரிந்துகொள்ளட்டும்.

கிளம்பும்போது

கடைசி இரண்டு வாரத்தை விடைபெறுவதற்கென்றே ஒதுக்கி வையுங்கள், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தேநீர் உண்டு. ஒரு வீட்டை விட்டால் சொல்லிக் காட்டுவார்கள். போர்வை, பாத்திரம், அடுப்பு ஆகியவற்றை யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்பதை ஹானுத்காரரிடம் கேட்டுச் செய்யுங்கள். அவருக்குத்தான் தேவை தெரியும். தண்ணீர், மின்சாரக் கட்டணங்களை முடித்து ரசீது வாங்குங்கள். சிலிண்டருக்குக் கட்டிய முன்பணத்தைத் திரும்பக் கேளுங்கள். வகுப்பு, கூட்டுறவுக் கணக்கு எல்லாவற்றையும் அரபிலோ பிரெஞ்சிலோ எழுதி, அடுத்து பார்த்துக்கொள்ளப்போகும் ஊர்க்காரர் கையில் கொடுங்கள். அடுத்த தன்னார்வலர் வருவார் என்று காத்திருக்க வேண்டாம். திர்ஹமை 2,000-க்கு மேல் நாட்டை விட்டு எடுத்துச் செல்ல அனுமதி இல்லை. மீதியைத் திரும்ப யூரோவாக மாற்ற வேண்டும் என்றால் நீங்கள் முதலில் பணம் மாற்றிய ரசீதைக் கேட்பார்கள். அவற்றைத் தொடக்கத்திலிருந்தே ஓர் உறையில் போட்டு வையுங்கள்.